கேட்பது காதா, கண்ணா?

தமிழில் ‘கேள்’ என்ற ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை உண்டு. காதால் கேட்பதும் கேட்பதுதான். ஐயம் வந்தால் வாய் திறந்து கேட்பதும் கேட்பதுதான். திருவள்ளுவர் தம் நூலின் 42ஆம் அதிகாரத்திற்குக் ‘கேள்வி’ என்றே பெயரிட்டிருக்கிறார். இந்த இரண்டு வகைக் கேள்வியையும் ஒரே மாலைப் பொழுதில் செய்து பார்த்த அனுபவம் ஒன்றை இவ்வாண்டு மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கேள்வி இதுதான். தாளில் ஒரே கணக்கைக் காட்டும் இரண்டு ஆம்ப்ளிபையர்கள், காதுக்கு வேறு வேறாகக் கேட்குமா? ‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லை நாம் ஆம்ப்ளிபையருக்கும் சொல்கிறோம், ஸ்பீக்கருக்கும் சொல்கிறோம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இக்கட்டுரையில் மக்கள் பேசும் சொற்களையே எழுதுகிறேன். மைக்கிலிருந்தோ பாட்டுப் பெட்டியிலிருந்தோ வரும் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்கி அனுப்புவது ஆம்ப்ளிபையர். அந்த மின்சாரத்தை ஒலியாக்கிக் காற்றில் விடுவது ஸ்பீக்கர்.

இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பக்கத்தில் இது கோயில் பணத்தைப் பற்றிய கேள்வி. ஒரு குடும்பத்தின் பிழைப்பைப் பற்றிய கேள்வியும்கூட.

நான் பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் மாவட்டத்தில், ஈஜோக்கிற்கும் புக்கிட் ரோத்தானுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்தில். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் புக்கிட் மெலாவத்திக் குரங்குகளும் கம்போங் குவாந்தான் மின்மினிகளும்தாம் நினைவுக்கு வரும். சாலையின் இரு பக்கமும் நிற்கும் செம்பனையை யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை. ஆனால், இந்நாட்டில் வாணிப முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917ஆம் ஆண்டில், எங்கள் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். பெயரே தமிழ். அதன்பின் எவ்வளவோ மாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. லயங்கள் பல காலியாகிவிட்டன. மாறாமல் நிற்பது மாரியம்மன் கோயிலும் அதன் திருவிழாவும்தாம். பட்டணத்திற்குப் பிழைக்கப் போன பிள்ளைகளெல்லாம் அந்த மூன்று நாளுக்குத் திரும்பி வருவார்கள். விடியற்காலையில் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு செம்பனை மரங்களைத் தாண்டிக் கேட்டால்தான் எங்களுக்குத் திருவிழா தொடங்கியது என்று பொருள்.

அந்தப் பாட்டை ஒலிக்க வைப்பவர் என் தாய்மாமா. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சவுண்ட் சர்வீஸ் தொழில் செய்கிறார். ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், தஞ்சோங் காராங் என்று அவருடைய வேன் போகாத கோயில் குறைவு. 2011இல் லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு கோலாலம்பூர் சவுண்ட் கம்பெனிகள் எளிதாக எங்கள் பக்கம் வரத் தொடங்கின. “ரோடு நமக்கும் வசதிதான் தம்பி, அவங்களுக்கும் வசதிதான்,” என்பார் மாமா. அவர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் பெரிய வெளிநாட்டு முத்திரை இருக்கும். அதைப் பார்த்த கண்ணோடு மாமாவின் கீறல் விழுந்த பெட்டிகளைப் பார்ப்பவர்கள், பாட்டு போடும் முன்னரே “அந்த செட்டு மாதிரி வராது” என்று சொல்லிவிடுவார்கள்.

இந்தப் பின்னணியில்தான் சென்ற ஆண்டு எங்கள் கோயில் நிர்வாகம் சொந்தமாக ஓர் ஆம்ப்ளிபையர் வாங்க முடிவு செய்தது. இரண்டு விலைப்பட்டியல்கள் வந்தன. ஒன்று 6,800 ரிங்கிட், பெயர் பெற்ற முத்திரை. மற்றொன்று 2,300 ரிங்கிட், யாரும் அதிகம் கேள்விப்படாத பெயர். தாளில் இருந்த கணக்கோ ஏறக்குறைய ஒன்றுதான்: 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பக்கத்திற்கு 300 வாட், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை சமமான ஒலி, திரிபு 0.1 விழுக்காட்டிற்கும் கீழே.

இடையில் உள்ள 4,500 ரிங்கிட் எங்கள் கோயிலுக்குச் சிறிய தொகையன்று. அதே நிதியிலிருந்துதான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் இலவச வகுப்பு நடக்கிறது. நானும் அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்தவன்தான். விலை உயர்ந்ததையே வாங்க வேண்டும் என்பதில் மாமா உறுதியாக இருந்தார். அதே நிறுவனத்தின் ஆம்ப்ளிபையர் ஒன்றை அவர் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார். “அதுல வர்ற கனம் வேறடா. முப்பது வருஷக் காது சொல்லுது,” என்றார். இளைஞர்கள் மலிவானதே போதும் என்றார்கள். இரு தரப்பும் என் பக்கம் திரும்பின. பல்கலைக்கழகத்தில் மின்னியல் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் அல்லவா? படித்த பிள்ளை சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

முதலில் தாளில் உள்ள கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வாட் என்பது சக்தியின் அளவு. 300 வாட் என்றால் 150 வாட்டைவிட இரு மடங்கு சத்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சக்தி இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு, அவ்வளவே. காதுக்கு ‘இரண்டு பங்கு சத்தம்’ என்று தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. ஒரு காலத்தில் சிறிய வானொலிப் பெட்டிகளின்மேல் ‘பி.எம்.பி.ஓ. 1,000 வாட்’ என்று ஒட்டி விற்றார்களே, அந்த எண்ணுக்கு எந்தப் பொது அளவுகோலும் இல்லை. நம்பத் தகுந்தது, இத்தனை ஓமில், இத்தனை விழுக்காடு திரிபில், இடைவிடாது இத்தனை வாட் என்று சொல்லும் எண்தான்.

திரிபு என்பது உள்ளே போன ஒலிக்கும் வெளியே வந்த ஒலிக்கும் உள்ள வேறுபாடு. 0.1 விழுக்காடு என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல ஸ்பீக்கர்களே, குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகளில், ஆம்ப்ளிபையரைவிடப் பல மடங்கு திரிபைத் தாமாகச் சேர்க்கின்றன. பத்து ரிங்கிட் தொலைந்த இடத்தில் பத்துக் காசைத் தேடுவது போன்றதுதான் இது.

அப்படியானால் எல்லா ஆம்ப்ளிபையர்களும் ஒன்றுதான் என்று உடனே சொல்லிவிடலாமா? உலகில் பலர் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்தை நடத்தியவர் பீட்டர் வாக்கர். வால்வு ஆம்ப்ளிபையரின் இனிமை டிரான்சிஸ்டருக்கு வராது என்ற பேச்சு பரவலாக இருந்த காலம் அது. 1978இல் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியல் வல்லுநர், குவாட் நிறுவனத்தின் மூன்று தலைமுறை ஆம்ப்ளிபையர்களை எடுத்துக்கொண்டார். ஒன்று 1950களின் வால்வு; மற்ற இரண்டும் 1960, 1970களின் டிரான்சிஸ்டர். அனுபவமுள்ளவர்களை உட்கார வைத்து, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் கேட்க வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு காசு சுண்டிப் போட்டால் வரும் விடையைவிட அவர்கள் விடை மேலாக இல்லை.

அமெரிக்காவில் 1987இல் ‘ஸ்டீரியோ ரிவியூ’ இதழ் இதே சோதனையைப் பெரிய அளவில் நடத்தியது. 220 டாலர் பெட்டி முதல் 12,000 டாலர் வால்வு ஜோடி வரை ஒப்பிட்டார்கள். கேட்டவர்கள் 25 பேர். வேறுபாடு உண்டு என்று நம்பியவர்களும் இல்லை என்று ஐயப்பட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். முடிவு, மீண்டும் காசு சுண்டிய கணக்குதான். ரிச்சர்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் ஒருபடி மேலே போய், 10,000 டாலர் பரிசு அறிவித்தார். சத்தத்தைச் சமமாக வைத்து, சக்தியின் எல்லையைத் தாண்டாமல் ஒலிக்கும் இரண்டு ஆம்ப்ளிபையர்களை, பன்னிரண்டு முறை வீதம் இரண்டு சுற்றும் பிழையின்றி அடையாளம் காண வேண்டும். பல ஆண்டுகள் பலர் முயன்றார்கள். பரிசை யாரும் எடுத்துச் செல்லவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும், ஏனெனில் அது மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1985இல் பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், ‘ஸ்டீரியோபைல்’ இதழாசிரியர்களிடம் ஒரு சவால் விட்டார். நீங்கள் தேர்ந்தெடுக்கும் எந்த விலை உயர்ந்த ஆம்ப்ளிபையரின் ஒலியையும் என் சாதாரண டிரான்சிஸ்டர் பெட்டியில் கொண்டுவருவேன் என்றார். தொடக்கத்தில் இரண்டுக்கும் ஒலியில் வேறுபாடு இருந்தது. அவர் ஒரு விடுதி அறையில் இரண்டு நாள் உட்கார்ந்து, இரண்டின் வெளியீட்டையும் அளந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று ஆகும்வரை தம் பெட்டியைத் திருத்தினார். அதன்பின் ஆசிரியர்களால் வேறுபாடு காண முடியவில்லை. இதிலிருந்து நமக்குக் கிடைப்பது இரண்டு உண்மைகள். ஆம்ப்ளிபையர்கள் வேறு வேறாக ஒலிக்க முடியும். அப்படி ஒலித்தால், அதன் காரணம் அளக்கக் கூடியதாக இருக்கும். பெட்டிக்குள் மந்திரம் எதுவுமில்லை.

இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெள்ளக்காரன் காது வேற, நம்ம காது வேற,” என்றார். அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. “சரி மாமா, நம்ம காதுலயே பார்த்துருவோம்,” என்றேன்.

தோட்டத்துப் பாலாய் ராயாவில் ஒரு ஞாயிறு மாலை ஏற்பாடாயிற்று. ஒரு பக்கம் மாமாவின் முத்திரை பெற்ற ஆம்ப்ளிபையர். மறுபக்கம், கோலாலம்பூர் ஜாலான் பசாரில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் இரண்டு நாளுக்கு இரவல் தந்த மலிவான பெட்டி. இரண்டையும் ஒரு மேசையில் வைத்து, முன்னால் மேடைத் திரையை இழுத்துவிட்டோம். ஸ்பீக்கர்கள் மட்டும் திரைக்கு வெளியே. இரண்டு ஆம்ப்ளிபையரின் வெளியீடும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி, ஒரு சுவிட்ச் பெட்டியின் வழியாகவே ஸ்பீக்கருக்குப் போகும்.

மிக முக்கியமான வேலை சத்தத்தைச் சமமாக்குவது. ஒன்று அரை டெசிபல் கூடுதலாக இருந்தால்கூடக் காது அதைச் ‘சத்தம் கூடுதல்’ என்று சொல்லாது. ‘தெளிவு’ என்றும் ‘கனம்’ என்றும் சொல்லும். ஆகவே 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டிலும் 2.83 வோல்ட் வரும்படி திருகினேன். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியாக ஒரு வாட். 0.03 வோல்ட் வேறுபாடுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டேன், அது 0.1 டெசிபலுக்கும் குறைவு. அதன்பின் ஆம்ப்ளிபையர்களின் திருகுகளை யாரும் தொடக் கூடாது.

என் சித்தப்பா மகள் திரைக்குப் பின்னால் காசு சுண்டுவாள். முதலில் ‘அ’, பிறகு ‘ஆ’ என்று சொல்லி இரண்டையும் ஒலிக்க விடுவாள். மூன்றாவதாக ஒலிப்பது எது என்பதைக் காசு தீர்மானிக்கும். நான் திரைக்கு முன்னால்தான் இருந்தேன். எது ஒலிக்கிறது என்று எனக்கும் தெரியாது. நடத்துபவருக்கு விடை தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஆய்வுக்கூடங்களிலும் இப்படித்தான் செய்கிறார்கள். டேவிட் கிளார்க் என்பவர் 1982இல் ஒலிப்பொறியியல் இதழொன்றில் விளக்கி எழுதிய ஏ.பி.எக்ஸ். முறை இது. ஒருவருக்கு 16 முறை. குருட்டாம்போக்கில் சொன்னாலே சராசரியாக 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் வந்தால், அது தற்செயல் என்று சொல்லும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கிற்கும் குறைவு. ஆகவே 12ஐ எல்லையாக வைத்துக்கொண்டோம்.

கேட்டவர்கள் ஐவர்: மாமா, ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஐயா, கோயில் செயலாளரான ஆசிரியை, உறுமி மேளக் குழுவில் வாசிக்கும் ஓர் இளைஞர், பத்தாம் வயதிலிருந்து தேவாரம் பாடிவரும் ஓர் அக்காள். அம்மன் பாட்டு, சீர்காழியின் பிள்ளையார் பாட்டு, உறுமி மேளப் பதிவு ஆகிய மூன்றும் மாறி மாறி ஒலித்தன. மண்டபத்தில் யாரும் மூச்சுவிடவில்லை. தேர்வு மண்டபத்தில்கூட அவ்வளவு அமைதியை நான் கண்டதில்லை.

விடைத்தாள்களைக் கூட்டினோம். 9, 7, 8, 6. மாமாவுக்கு மட்டும் 11. “பாத்தியா?” என்று எழுந்தார் மாமா. ஒன்றே ஒன்றுதான் குறைவு. உண்மையைச் சொன்னால், அந்த 11 எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால், கணக்கு வேறு சொல்கிறது. ஐந்து பேர் வெறுமனே காசு சுண்டினாலே, அவர்களில் ஒருவருக்காவது 11 அல்லது அதற்கு மேல் வரும் வாய்ப்பு நூற்றுக்கு நாற்பதுக்கும் அதிகம். லாட்டரியில் யாராவது ஒருவருக்கு விழத்தான் செய்யும். அதனால் அவருக்கு ஜோசியம் தெரியும் என்றாகிவிடாது. உண்மையாகவே கேட்கிறதென்றால் மீண்டும் கேட்க வேண்டும். “இன்னொரு தடவை வை,” என்று மாமாவே சொன்னார். இரண்டாவது பதினாறில் அவருக்குக் கிடைத்தது 7. இரண்டையும் சேர்த்தால் 32க்கு 18.

மாமா ஒன்றும் பேசவில்லை. அவரை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் எண்ணம் எனக்கில்லை. இன்னும் இரண்டு சோதனைகளைத் திட்டமிட்டு வைத்திருந்தேன்.

முதலாவதில், யாரிடமும் சொல்லாமல் மலிவான பெட்டியின் சத்தத்தை ஒரே ஒரு டெசிபல் கூட்டினேன், 2.83 வோல்ட் 3.18 ஆனது. ‘எது நல்ல ஒலி?’ என்று மட்டும் கேட்டோம். ஐவரும் மலிவான பெட்டியையே காட்டினார்கள். “இதுதான் கனமா இருக்கு,” என்றார் மாமா. கடைகளில் இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும்போது, ஒன்றின் சத்தம் சற்றே தூக்கலாக இருந்தால் போதும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

இரண்டாவதில், மலிவான பெட்டியை எடுத்துவிட்டு மாமாவின் பழைய 60 வாட் ஆம்ப்ளிபையர் ஒன்றை வைத்தோம். சத்தத்தைச் சமமாக்கி, திருவிழா அளவுக்கு உயர்த்தினோம். பாட்டின் சராசரிச் சக்தியைவிட, ஓர் உறுமி அடி விழும் கணத்தில் பத்து மடங்கோ அதற்கு மேலோ சக்தி தேவைப்படும். சிறிய ஆம்ப்ளிபையரால் அதைத் தர இயலாது. அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். ஒலித்த மறுகணமே மாமா கையைத் தூக்கினார். “அடி வாங்குது. இது சின்னது,” என்றார். தொடர்ந்து பத்து முறையும் சரி. குருட்டாம்போக்கில் பத்தும் சரியாக வர 1,024இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. மற்ற நால்வரில் எவருக்கும் பத்தும் சரியாக வரவில்லை.

அந்த மாலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். முப்பது வருஷக் காது பொய் சொல்லவில்லை. உண்மையில் இருக்கும் வேறுபாட்டை அது யாரையும்விட விரைவாகப் பிடித்துவிடுகிறது. இல்லாத வேறுபாட்டைச் சொன்னது காதல்ல. முத்திரையைப் பார்த்த கண்ணும், விலையைக் கேட்ட மனமும்தான்.

அப்படியென்றால் அதிக விலை கொடுப்பவர்கள் எல்லாரும் ஏமாளிகளா? இல்லை. மழையிலும் வெயிலிலும் எத்தனை வருடம் உழைக்கும், உள்ளே சூடேறினால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளுமா, இரண்டு மூன்று ஸ்பீக்கரைச் சேர்த்து 8 ஓம் 4 ஓமாக, 2 ஓமாக இறங்கும்போது தாங்குமா, பழுதானால் பாகம் கிடைக்குமா என்பவையெல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றிற்கு விலை உண்டு. ஆனால், அவை உழைப்பைப் பற்றிய கேள்விகள், ஒலியைப் பற்றியவையல்ல. உழைப்புக்காகக் காசு கொடுப்பதென்றால், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று எழுத்தில் கேட்டு வாங்கலாம். ‘கனம்’ என்பதற்கு எவரும் உத்தரவாதம் எழுதித் தருவதில்லை.

நிர்வாகக் கூட்டத்தில் பேசியவர் மாமாதான். மலிவான பெட்டியே போதும், ஆனால் மூன்று வருட உத்தரவாதம் வேண்டும் என்றார். மிச்சப் பணத்தில் முதலில் வயரை மாற்றச் சொன்னார். கோயிலில் இருந்தது 0.75 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர். 50 மீட்டர் தூரத்திற்குப் போய்த் திரும்பும் அந்த வயரின் மின்தடையை நான் கணக்கிட்டுக் கொடுத்தேன்: ஏறக்குறைய 2.3 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய சக்தியில் நாற்பது விழுக்காடு இதனால் குறைந்துவிடும். எந்த முத்திரை ஆம்ப்ளிபையராலும் இதைச் சரிசெய்ய முடியாது. அடுத்து, ஒரு மூலையில் இரண்டு ஸ்பீக்கரை வைத்து அலற விடுவதற்குப் பதிலாக, கூட்டத்திற்கு அருகில் இன்னும் இரண்டு வைக்கலாம் என்றார் மாமா. திறந்தவெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். பாதித் தூரத்தில் வைத்தால், நான்கு மடங்கு சக்தியுள்ள ஆம்ப்ளிபையரை வாங்கியதற்குச் சமம். இந்தக் கணக்கைப் படிக்காமலேயே மாமா முப்பது வருடமாக அனுபவத்தில் அறிந்து வைத்திருக்கிறார். இவ்வளவும் போக மிஞ்சிய 1,900 ரிங்கிட்டைச் சனிக்கிழமை வகுப்புக்கு ஒதுக்கினார்கள்.

இவ்வாண்டுத் திருவிழாவுக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், “இந்த வருஷம் சத்தம் நல்லாருக்கே, என்ன செட்டு?” என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே, “வயரு,” என்றார்.

அன்பு நண்பர்களே, இதை எழுதும்போது என் மனத்தில் வேறொரு நினைப்பும் ஓடுகிறது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். உங்களில் பலரும் அப்படித்தான். முதலாம் படிவத்தில் நுழைந்த நாளில், மதிப்பெண் என்ன என்று கேட்பதற்கு முன் எந்தப் பள்ளியிலிருந்து வந்தாய் என்று கேட்டவர்கள் உண்டு. ‘தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி’ என்ற விடையைக் கேட்டதும் சிலர் முகத்தில் தோன்றும் மாற்றத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாளில் அதே கணக்கு. ஆனால் முத்திரை வேறு. “அந்த செட்டு மாதிரி வராது” என்ற பேச்சு பெட்டிகளோடு நிற்பதில்லை.

1970, 1980களில் அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்கள் பல, வாத்தியக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மேடையில் திரை போடத் தொடங்கின. வாசிப்பவர் ஆணா பெண்ணா, யாரிடம் படித்தவர் என்பது தேர்வாளருக்குத் தெரியாது. இசை மட்டும் கேட்கும். எங்கள் பாலாய் ராயாத் திரையும் அதே வேலையைத்தான் செய்தது. இதில் மற்றவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நெடுஞ்சாலை வழியே வந்த பெட்டி உயர்ந்தது, நம் வேனில் வந்த பெட்டி தாழ்ந்தது என்று சொன்னவர்கள் நம்மவர்கள்தாம். தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று கேட்டுப் பார்க்காமலேயே சொல்பவர்களும் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

வேறுபாடே இல்லை என்று கூச்சலிடுவது என் நோக்கமன்று. 60 வாட் ஆம்ப்ளிபையரை 300 வாட் என்று யாரும் ஏற்க வேண்டியதில்லை. குறை இருந்தால் அது கேட்கும், அதைத் திருத்தவும் வேண்டும். எங்கள் தோட்டத்துப் பள்ளிகளில் குறைகள் இல்லாமலில்லை. அந்தக் குறை எது, எவ்வளவு என்பதை அளந்து சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன். வயரா, தூரமா, சக்தியா என்று தெரிந்தால் சரிசெய்துவிடலாம். பெயர்ப்பலகையைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பை எந்த உழைப்பாலும் சரிசெய்ய முடியாது.

விடுதி அறையில் இரண்டு பெட்டிகளைப் பற்றி நண்பர்கள் அடித்துக்கொண்டால், இந்த மூன்றை மட்டும் செய்து பாருங்கள். சத்தத்தை அளந்து சமமாக்குங்கள். எது ஒலிக்கிறது என்பது கேட்பவருக்கும் நடத்துபவருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சரியாக வந்ததோடு நிறுத்தாமல் பதினாறு முறை கேளுங்கள். ஒரு போர்வையும் ஒரு காசும் இருந்தால் போதும். மல்டிமீட்டர் வேண்டுமென்றால் என்னிடம் வாருங்கள்.